பரங்கிமலைக் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர்

பூந்தமல்லியில் வீடு கட்டுகிறவர்களைக் கேட்டால் உலகத்தில் இரண்டே வகைக் கல்தான் உண்டு என்பார்கள். முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி. டிப்பர் லாரி வந்து ஒரு யூனிட்டைக் கொட்டிவிட்டுப் போனதும் வீட்டுக்காரர் பில்லைப் பார்ப்பார், மேஸ்திரி அதில் எத்தனை தூசி என்று பார்ப்பார். சார், இது 250 கோடி வருடத்துப் பழைய சரக்கு என்று நடுவில் போய்ச் சொல்லிப் பாருங்கள். "பழசா? அப்ப ரேட்டைக் குறைக்கச் சொல்லுங்க!"

நீலமும் சாம்பலும் கலந்த நிறம். புதிதாக உடைத்த இடத்தில் எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு. இந்தக் கருங்கல்லுக்கு விஞ்ஞானப் பெயர் சார்னோகைட். நார்வேயில் கிடைத்தாலும் சார்னோகைட், இலங்கையில் கிடைத்தாலும் சார்னோகைட், அன்டார்க்டிகாவில் பனியைக் கிழித்துக்கொண்டு துருத்தி நின்றாலும் சார்னோகைட்தான். இதன் சொந்த ஊர் எது தெரியுமா? மவுண்ட்–பூந்தமல்லி ரோடு எந்த மவுண்ட்டிலிருந்து புறப்படுகிறதோ, அந்தப் பரங்கிமலை. அப்படியானால் சார்னோக் என்பவர் பரங்கிமலையில் பிறந்தவரா, வளர்ந்தவரா, போகிற போக்கில் வழுக்கியாவது விழுந்தவரா? அதெல்லாம் இல்லை. இந்தப் பெயர் கிடைக்க அவர் செய்த ஒரே காரியம், செத்துப் போனது.

ஜாப் சார்னோக், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜென்ட். பாட்னாவில் உட்கார்ந்து வெடியுப்பு வாங்கி லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். சிடுசிடு ஆசாமி. 1690 ஆகஸ்ட் 24 அன்று, கொட்டுகிற மழையில், ஹூக்ளிக் கரையில் சுதானுட்டி என்ற கிராமத்தில் வந்து இறங்கினார். பின்னாளில் அதுதான் கல்கத்தா ஆயிற்று. ஏன் அந்தச் சேற்றைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு ராணுவக் காரணம், வியாபாரக் காரணம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அங்கே ஒரு பெரிய மரம் இருந்தது, அதன் நிழலில் உட்கார்ந்து ஹூக்கா பிடிக்க அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

வீட்டு விஷயம் இன்னும் சுவாரசியம். உடன்கட்டை ஏற இருந்த ஒரு இளம் விதவையைச் சார்னோக் சிதையருகிலிருந்து மீட்டு, அவரோடேயே குடித்தனம் நடத்தினார் என்பார்கள். அந்த அம்மாள் இறந்த பிறகு, ஆண்டுதோறும் அவர் சமாதியில் சேவல் அறுத்துப் பலி கொடுத்தாராம். கணவர் மனைவியைக் கிறிஸ்தவர் ஆக்குவார் என்று பார்த்தால் மனைவி கணவரை மாற்றிவிட்டாரே என்று ஒரு கப்பல் கேப்டன் அங்கலாய்த்து எழுதி வைத்திருக்கிறார். மகள்கள் மூவருக்கும் 1689இல் ஞானஸ்நானம் நடந்தது மட்டும் நம் சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரீஸ் சர்ச்சில். சேவல் எந்த ஊர்க் கணக்கு என்பதற்குத்தான் ரிஜிஸ்தர் இல்லை.

1693 ஜனவரியில் சார்னோக் காலமானார். உடனே ஒரு சிக்கல். கல்கத்தாவில் எல்லாம் கிடைக்கும், கல் கிடைக்காது. கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. எவ்வளவு தோண்டினாலும் சேறுதான். மருமகன் சார்லஸ் ஐயர் மாமனாருக்கு எட்டுப்பட்டைக் கல்லறை எழுப்பினார். (ஐயர் என்றதும் மயிலாப்பூரா என்று கேட்காதீர்கள். சுத்தமான இங்கிலீஷ்காரர்.) அதற்கான கனத்த கருங்கல் பலகை மெட்ராஸ் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனது. மாமனார் மேல் அவ்வளவு பாசமா, அல்லது மனுஷர் எழுந்து வந்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதையா, கல்வெட்டில் குறிப்பு இல்லை.

அதற்கப்புறம் 200 வருடம் அந்தக் கல் சும்மா படுத்திருந்தது. பிறகு வந்தார் தாமஸ் ஹாலண்ட். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர், வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. நீங்களும் நானும் கல்லறைக்குப் போனால் பெயரைப் படிப்போம், தேதியைப் படிப்போம், ஒரு பெருமூச்சு விடுவோம். இவர் கல்லைப் படித்தார். 1893இல் சார்னோக்கின் கல்லறைக் கல்லைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதினார். செத்தவரைப் பற்றியல்ல, மூடியைப் பற்றி!

கல்லைப் படிப்பது என்றால் மெல்லிய சீவலாக அறுத்து, தேய்த்துத் தேய்த்து 0.03 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, வெளிச்சம் ஊடுருவும்படி மைக்ராஸ்கோப்பில் வைப்பது. குவார்ட்ஸ் இருந்தது, ஃபெல்ட்ஸ்பார் இருந்தது. பார்த்தால் கிரானைட்தான். ஆனால் கிரானைட்டில் சாதாரணமாக எட்டிப் பார்க்காத ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. இதே சேர்க்கையைப் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் பார்த்திருக்கிறோமே என்று ஹாலண்ட் இரண்டையும் இணைத்தார். நியாயமாக அந்த நிமிடமே பரங்கிமலைட் என்றோ பல்லாவரைட் என்றோ பெயர் சூட்டியிருக்க வேண்டும். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: இந்தக் கல்லின் மாதிரியை அன்றைய தலைநகரான கல்கத்தாவுக்கு, தன்னை அறியாமலேயே, முதலில் கொண்டுவந்து சேர்த்தவர் சார்னோக், ஆகவே அவர் பெயர். தன்னை அறியாமல்! அறிந்திருக்கத்தான் முடியுமா? அவர் கல்லுக்குக் கீழே அல்லவா இருந்தார்?

பெயர் வைத்தாயிற்று. இந்தக் கல் எப்படி உண்டானது? இந்தக் கேள்விக்கு நூறு வருடம் முந்தியே ஐரோப்பாவில் இரண்டு கட்சிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றன. ஒன்று தண்ணீர்க் கட்சி, மற்றது நெருப்புக் கட்சி.

தண்ணீர்க் கட்சியின் தலைவர் ஆபிரகாம் வெர்னர். ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கப் பள்ளியில் வாத்தியார். ஆதியில் பூமி முழுக்க ஒரே சமுத்திரம், அதன் அடியில் படிந்ததுதான் எல்லாப் பாறையும் என்றார். கிரானைட்டா, படிந்தது. பசால்ட்டா, அதுவும் படிந்தது. எரிமலை? ச்சே, அது கீழே நிலக்கரி பற்றிக்கொண்டு எரிகிற சின்ன விஷயம், நேற்று முளைத்தது, விடுங்கள் என்றார். இதையெல்லாம் சொல்ல அவர் எத்தனை நாடு சுற்றினார்? பெரும்பாலும் சாக்ஸனியைத் தாண்டவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டைப் பார்த்துவிட்டு ஆசியா முழுக்க லேத் பட்டறை என்று சொல்கிற மாதிரி.

ஆனால் மனுஷர் பேசினால் மயங்கிவிடுவார்கள். ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் வந்து குவிந்தார்கள். எழுதத்தான் அவருக்கு அலர்ஜி. வந்த கடிதங்களைப் பிரிக்கவே மாட்டாராம். பிரெஞ்சு அகாடமி அவரைக் கௌரவ உறுப்பினர் ஆக்கிக் கடிதம் அனுப்பியதுகூட ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது என்று ஒரு கதை உண்டு. வாட்ஸ்அப்பில் 400 மெசேஜ் படிக்காமல் கிடக்கிற நம் நண்பர்களுக்கு மூலபுருஷர். கொடுமை என்னவென்றால், அவருடைய அருமைச் சீடர் லியோபோல்ட் ஃபான் பூக் வெளியூர் போய் நிஜ எரிமலைகளைப் பார்த்தார். பார்த்ததும் கட்சி மாறிவிட்டார்.

நெருப்புக் கட்சிக்கு ஜேம்ஸ் ஹட்டன். எடின்பரோக்காரர். டாக்டருக்குப் படித்துவிட்டு வைத்தியம் பார்க்கவில்லை. புகைக்கரியிலிருந்து நவச்சாரம் எடுக்கும் தொழிலில் காசு பார்த்தார். கொஞ்ச காலம் விவசாயம். பூமிக்குள் இருக்கும் சூடுதான் பாறையை உருக்கி, மேலே தள்ளி, மலையாக்குகிறது என்றார். நிரூபணம் தேடி 1785இல் ஸ்காட்லாந்தின் க்ளென் டில்ட் பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே ஓடைப் படுகையில், கருமையான பழைய பாறைக்குள் சிவப்புக் கிரானைட் நரம்பு நரம்பாகப் புகுந்து கிடந்தது. உருகிய குழம்பாக வந்திருந்தால்தானே இப்படிப் புக முடியும்? ஹட்டன் குதித்த குதியைப் பார்த்து, கூட வந்த வழிகாட்டிகள் தங்கமோ வெள்ளியோ கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்கள். வெறும் கல் என்று தெரிந்ததும் அவர்கள் முகம் போன போக்கை யாரும் எழுதி வைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

ஹட்டனின் துரதிர்ஷ்டம் அவர் எழுத்து. ஒரு பக்கம் படித்தால் மூன்று பக்கம் தூக்கம் வரும். அவர் போன பிறகு 1802இல் நண்பர் பிளேஃபேர் அதையே மனிதர் படிக்கிற மாதிரி திருப்பி எழுதினார். அப்புறம்தான் ஊருக்கு விஷயமே புரிந்தது. இன்னொரு நண்பர் சர் ஜேம்ஸ் ஹால், கல்லை உலையில் உருக்கிப் பார்த்துவிடலாமே என்றார். ஹட்டனுக்கு அதில் இஷ்டமில்லை. ஒரு சின்ன மூசைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பூமியின் வேலையைத் தீர்ப்புச் சொல்வதா என்று கோபம். ஹால் என்ன செய்தார்? பெரியவர் மனம் நோகக் கூடாது என்று அவர் சாகும்வரை காத்திருந்தார். 1797இல் ஹட்டன் போனார். 1798இல் அடுப்பு பற்றிக்கொண்டது!

உருகிய எரிமலைப் பாறையைச் சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி, மெள்ள ஆறவிட்டால் அசல் படிகக் கல். ஹட்டன் சொன்னது சரி. அடுத்து, சுண்ணாம்பைத் துப்பாக்கிக் குழல்களுக்குள் திணித்து, அடைத்து, பழுக்கக் காய்ச்சினார். சில குழல்கள் வெடித்தன. வெடிக்காதவற்றில் சலவைக்கல் மாதிரி ஒன்று கிடைத்தது. ஆவடி டாங்க் ஃபேக்டரி அப்போதே இருந்திருந்தால் ஹால் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு எடுத்திருப்பார், கேட்டில் உள்ளே விட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

நெருப்பை நேரிலேயே பார்க்கப் போன மகான்களும் உண்டு. கிரேக்கத் தத்துவஞானி எம்பெடோக்ளிஸ், தாம் கடவுள் ஆகிவிட்டதாக ஊர் நம்பட்டும் என்று எட்னா எரிமலைக்குள் குதித்தாராம். எட்னா அவருடைய வெண்கலச் செருப்பை மட்டும் திருப்பி அனுப்பிக் காட்டிக்கொடுத்துவிட்டது. கி.பி. 79இல் வெசுவியஸ் பொங்கியபோது ரோமானியக் கடற்படைத் தளபதி பிளினி கப்பலை எரிமலைப் பக்கம் திருப்பினார். ஆராய்ச்சி ஆசை பாதி, ஆட்களைக் காப்பாற்றும் எண்ணம் பாதி. போன இடத்தில் குளித்து, சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினார். மறுநாள் கரையில் விழுந்து செத்தார். "நீயும் வர்றியா?" என்று அவர் கூப்பிட்ட மருமகன், மாமா கொடுத்த பாடம் எழுத வேண்டியிருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். ஹோம்வொர்க்கால் உயிர் பிழைத்த ஒரே பையன் சரித்திரத்தில் அவனாகத்தான் இருப்பான்.

நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த வில்லியம் ஹாமில்டன் வெசுவியஸில் அறுபது தடவைக்கு மேல் ஏறி இறங்கி, எப்போது புகைக்கும், எப்போது குமுறும் என்று விடாமல் குறித்து வைத்தார். வீட்டிலே மனைவி எம்மாவுக்கும் தளபதி நெல்சனுக்கும் நடுவே என்ன குமுறிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் அவர் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

பரங்கிமலைக்கு வருவோம். 1900இல் ஹாலண்ட் பெரிய அறிக்கை ஒன்று வெளியிட்டு, சார்னோகைட் உருகிய குழம்பு ஆறிப் பிறந்த பாறை என்று முடித்தார். முடித்ததாக அவர் நினைத்தார். அடுத்து வந்தவர்கள், இல்லை இல்லை, ஏற்கனவே இருந்த பாறை ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் மாறிப்போனதுதான் இது என்றார்கள். 1960இல் மைசூர்ப் புவியியலாளர் சி.எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் ஒரு காட்சியைக் காட்டினார். வெளிர்சாம்பல் நிற நைஸ் பாறை, அதன் கோடுகளை வெட்டிக்கொண்டு திட்டுத் திட்டாகக் கரும்பச்சைச் சார்னோகைட். மாறுகிற வேலையைப் பாதியில் விட்டுவிட்டு யாரோ டீ குடிக்கப் போன மாதிரி கிடந்தது. அப்புறம் சோடாக் கட்சி ஒன்று புறப்பட்டது: ஆழத்திலிருந்து கரியமில வாயு ஏறிவந்து பாறையிலிருந்த தண்ணீரைத் துரத்தியதால்தான் இந்த மாற்றம் என்றது. இன்றைக்கு நிலவரம் என்னவென்றால், சில இடத்தில் அது, சில இடத்தில் இது. கூட்டணி ஆட்சி.

எந்தக் கட்சியானாலும் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்தக் கல் இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்தது. அப்படியானால் இன்றைக்கு அது பரங்கிமலை உச்சியில் வெயில் காய்வது எப்படி? மேலே இருந்த அத்தனை கிலோமீட்டரையும் மழையும் காற்றும் ஆறும் அரித்துத் தின்றுவிட்டன. பரங்கிமலையின் உயரம் 300 அடி சொச்சம். அதை மலை என்கிறோமே, அது உண்மையில் காணாமல் போன ஒரு பிரம்மாண்டத்தின் பேஸ்மென்ட். கிரவுண்ட் ஃப்ளோருக்கு மேலே இருந்த அத்தனை மாடியும் கோவிந்தா.

எரிமலைக் குழம்பு நம் பக்கம் ஓடிவரவே இல்லையா என்று சிலருக்கு ஏக்கம் இருக்கலாம். 6 கோடியே 60 லட்சம் வருடத்துக்கு முன்னால் தக்காணத்தில் பூமி பிளந்து குழம்பு கொட்டியது. மகாராஷ்டிரத்தில் சில இடங்களில் இரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கு அடுக்காக நிற்கிறது. கிழக்கே அது ராஜமுந்திரி வரைக்கும் வந்திருக்கிறது. வந்ததே வந்தது, இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்து கும்மிடிப்பூண்டியைத் தொட்டிருக்கக் கூடாதா? மாட்டேன் என்றுவிட்டது.

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் கிடைத்தது நெருப்பு இல்லை, சேறு. 1864இல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரில் இருக்கும் லெமூர் குரங்குகளின் சொந்தங்கள் இந்தியாவிலும் இருக்கின்றனவே, நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். பெயர் லெமூரியா. ஒரு குரங்கின் போக்குவரத்து வசதிக்காகக் கட்டப்பட்ட கண்டம்! நமக்கோ கடல்கொண்ட நிலத்தின் நினைவு ஏற்கனவே இலக்கியத்தில் இருந்தது. அதோடு இதையும் சேர்த்து வாஞ்சையாக வாரி அணைத்துக்கொண்டோம். புவியியல் சொல்லும் கதையில் எந்தக் கண்டமும் மூழ்கவில்லை, பாகப்பிரிவினைதான் நடந்தது. இந்தியாவும் அன்டார்க்டிகாவும் கோண்ட்வானா என்ற கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தபோது, கிழக்குக் கரையோரம் நிலம் கிழிந்து பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தில் சேறும் மணலும் நிரம்பின. ஸ்ரீபெரும்புதூர்ப் படிவம் என்று அதற்குப் பெயர். வயது சுமார் 13 கோடி.

1870களில் ஒட்டோகார் ஃபைஸ்ட்மான்டல் என்ற பொஹீமியாக்காரர், இந்தப் படிவத்தில் அச்சடித்த மாதிரி பதிந்திருந்த இலைகளுக்கெல்லாம் லத்தீனில் பெயர் வைத்து 1879இல் வெளியிட்டார். கடல் உயிரிகளின் படிவங்களும் இதில் கிடைத்திருக்கின்றன. பீச் ஹவுஸ் வேண்டும் என்று ஈ.சி.ஆரில் கோடி கொட்டுகிறார்களே, சற்றே தாமதமாக வந்துவிட்டார்கள்.

இந்தச் சேற்றுக்கும் நம் ஜனங்களுக்கும் இன்றைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. போர்வெல். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து மனையைச் சுற்றி வருவார். ஒரு மூலையில் தேங்காய் விறைப்பாக எழுந்து நிற்கும். திருச்செங்கோட்டு லாரி வந்து கம்ப்ரஷர் காதைப் பிளக்கும். முதலில் களிமண், அப்புறம் பழுப்பு மணல், அதற்கும் கீழே, சென்னையின் மேற்குப் பக்கத்தில் பல இடங்களில், கருஞ்சாம்பல் நிறத்தில் ஷேல் வரும். டைனோசர் காலத்துச் சேறு குழாய் வழியே பொங்கி வாசல் கோலத்தின் மேல் வழியும். வீட்டு அம்மாள் சொல்வார்: "என்னங்க, சாக்கடை பைப்பை உடைச்சிட்டாங்க போல!"

இதே படிவத்தை வரைபடம் போட்டவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30, கத்திரி முடிந்தும் முடியாத வெயில். பல்லாவரம் ராணுவ மைதானத்தருகே சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவின் பழங்கற்காலக் கைக்கோடரி! அதே வருடம் திருவள்ளூருக்கு அந்தப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கோடரிகள் அகப்பட்டன. அவற்றில் மிகப் பழையவை 15 லட்சம் வருடத்தவை என்று 2011இல் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் கணக்கிட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அந்தக் கைக்கோடரி எல்லாம் குவார்ட்சைட். பல்லாவரத்தில் எங்கே திரும்பினாலும் சார்னோகைட் நிற்கிறதே, எடுத்தார்களா? இல்லை. நினைத்தபடி சில்லு பெயராது என்று ஆதிமனிதன் ஒதுக்கிவிட்டான். மைக்ராஸ்கோப் இல்லாமலேயே.

ஜாப் சார்னோக்குக்குக் கடைசியில் என்ன ஆயிற்று? கல்கத்தாவை நிறுவியவர் அவர் அல்ல, அதற்கு முன்பே அங்கே ஊர்கள் இருந்தன என்று வழக்குப் போட்டார்கள். நிபுணர் குழு வைத்தார்கள். 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், நிறுவனர் என்ற பட்டத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டது. ஊர் போயிற்று. கல் மட்டும் அவர் பெயரிலேயே இருக்கிறது. பரங்கிமலைச் சார்னோகைட்டைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று வேறு அறிவித்திருக்கிறார்கள். மலையேறுகிறவர்கள் அதன் மேல் வசதியாக நின்றுகொண்டு, மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானத்தைப் படம் பிடிக்கிறார்கள்.

பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் நடுவே, மாங்காட்டை ஒட்டி, சிக்கராயபுரம். ஜல்லிக்காக வெட்டி வெட்டி, வெட்ட முடியாத ஆழத்தில் கைவிட்ட கல் குவாரிகள் அங்கே இருபதுக்கும் மேல். 2017 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை தவித்தபோது, மெட்ரோ வாட்டர் அதிகாரிகள் இந்தக் குழிகளை எட்டிப் பார்த்தார்கள். பாறைக்குள்ளே பச்சைப் பசேல் என்று தண்ணீர்! மோட்டார் போட்டு இறைத்து, செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து, ஊருக்குக் குழாயில் விட்டார்கள். 2019இல் மறுபடியும் அதே குழிகள், அதே மோட்டார். வெர்னர் வாத்தியார் மட்டும் அன்றைக்குச் சிக்கராயபுரத்தில் நின்றிருந்தால், கையைக் கட்டிக்கொண்டு சிரித்திருப்பார். "நூறு தடவை சொன்னேனே, கல்லுக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் உண்டுன்னு!"